மூன்று விண்ணப்பம், மூன்றிலும் ஒரு குறை: வீட்டை யாருக்குக் கொடுப்பது?

மாடிவீடு:

வணக்கம். இரண்டு படுக்கையறை வீடு காலியாகி மூன்று வாரம் ஆகிறது. பார்த்துவிட்டுப் போனவர்களில் மூன்று பேர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இடிக்கிறது. கணக்குப் பேச வசதியாக மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தொகைகளையும் அதே அளவில் தருகிறேன்.

'அ': கணவன், மனைவி, ஒரு குழந்தை. ஒருவர்தான் வேலைக்குப் போகிறார். கைக்கு வரும் சம்பளம் 240, கடன் தவணை 35. இப்போதைய வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இதற்கு முன் ஒரே வீட்டில் நான்கு வருடம், வாடகை 92.

'ஆ': தனி ஆள், சொந்தமாக வீடியோ எடிட்டிங் செய்பவர். 12 மாத வரவின் சராசரி 380, ஆனால் அதில் மூன்று மாதம் 100ஐக் கூடத் தொடவில்லை. இதுவரை பெற்றோருடன் இருந்ததால் பழைய வீட்டு ஓனர் என்று யாரும் இல்லை. ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன், இந்த வாரமே வர வேண்டும் என்கிறார்.

'இ': இருவர், இருவருக்கும் சம்பளம், சேர்த்து 450. கடன் தவணை 130. கடன் அறிக்கையில் (வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவு) பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறார்கள். பெரிய நாய் ஒன்று உண்டு.

யாரைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு முன் எதைச் சரிபார்ப்பது? வீடு சும்மா கிடப்பதும் உறுத்துகிறது. யாராவது ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

---

கணக்குநோட்டு:

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவசரத்தில்தான் தவறான ஆள் உள்ளே வருகிறார். வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் நஷ்டம் 100, அதாவது வருட வாடகையில் 8.3 சதவீதம். தவறான ஆள் வந்தால்? மூன்று மாதம் வாடகை வராது. சட்டப்படி காலி செய்ய வைக்க இன்னும் மூன்று மாதம் என்று வையுங்கள், பல இடங்களில் இதைவிட நீளும். பழுது பார்த்துத் திரும்ப ஆள் பிடிக்க இரண்டு மாதம். மொத்தம் 800. ஆக, இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டரையாவது (உதாரணமாக, நூற்றுக்கு 20இலிருந்து 7.5க்கு) குறையும் என்று தோன்றினால், காத்திருப்பதுதான் லாபம். 'யாருக்கும் கொடுக்காமல் இருப்பது' என்பதையும் நான்காவது விண்ணப்பமாக மேசைமேல் வையுங்கள். வாடகையை 5 குறைத்துப் புதிதாக விளம்பரம் போட்டால் வருடத்துக்கு 60தான் போகும், ஒரு மாதக் காலியைவிடக் குறைவு. வருகிற விண்ணப்பங்களும் கூடும்.

அடுத்தது வருமானக் கணக்கு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதை மட்டும் பார்த்தால் 'அ'வுக்கு 42 சதவீதம், 'இ'க்கு 22 சதவீதம், கதை முடிந்தது. கடன் தவணையையும் சேர்த்துப் பாருங்கள்: 'அ' 135/240, அதாவது 56 சதவீதம். 'இ' 230/450, அதாவது 51 சதவீதம். வித்தியாசம் மளமளவென்று சுருங்கிவிட்டது. ஆனால் சதவீதமும் முழு உண்மை சொல்லாது. வாடகையும் தவணையும் போக மிஞ்சுவதைப் பார்த்தால் 'அ' வீட்டில் 105. 'இ'யில் 220. திடீர் மருத்துவச் செலவு வந்தால் யார் தடுமாறுவார்கள் என்பது இந்த எண்ணில்தான் தெரியும்.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க ஒன்று இருக்கிறது. 'அ'வின் பழைய சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அது 215ஆக இருந்திருந்தால், 92 வாடகை என்பது 43 சதவீதம். நான்கு வருடம் இதைவிடச் சற்று அதிகமான சுமையைத் தாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாடகையில் கூடுவது 8 மட்டுமே. 50 கொடுத்துவந்தவர் திடீரென்று 100 கொடுக்க வருவது வேறு, 92 கொடுத்தவர் வருவது வேறு.

'ஆ'வின் 380 என்பது வரவு, வருமானம் இல்லை. சாதனம், மென்பொருள் சந்தா, வரி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போனால் கையில் நிற்பது 250 சொச்சம். அதாவது 'அ'வின் நிலைதான், ஏற்ற இறக்கத்தோடு. சொந்தத் தொழில்காரருக்குச் சராசரியைவிட முக்கியமான எண் ஒன்று: வருடத்திலேயே மோசமான மாதம் முடிந்த அன்று கணக்கில் எவ்வளவு மிச்சம் இருந்தது? 300 இருந்தால் ஏற்ற இறக்கம் பற்றிக் கவலை வேண்டாம். 15 இருந்தால் அடுத்த வறண்ட மாதத்தில் உங்கள் வாடகைதான் நிற்கும்.

---

நிலைக்கதவு:

காகிதங்களை நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை. சம்பளச் சீட்டு மூன்று மாதம், பேங்க் ஸ்டேட்மென்ட் ஆறு மாதம் (சொந்தத் தொழில் என்றால் 12 மாதமும், வரித் தாக்கல் இரண்டு வருடமும்) வாங்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சம்பளச் சீட்டில் மொத்தத்திலிருந்து பிடித்தங்களைக் கழித்தால் கைக்கு வரும் தொகை ஒத்துவர வேண்டும். அதே தொகை, காசு பிசகாமல், ஸ்டேட்மென்ட்டில் வரவாகியிருக்க வேண்டும். வருடம் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்தம் சீட்டில் இருந்தால், இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழியுங்கள். விடை இந்த மாதச் சம்பளமாக வர வேண்டும். போலி செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஸ்டேட்மென்ட்டில் வலது ஓரத்து மீதித் தொகையை விரலை வைத்து வரிவரியாகக் கூட்டிப் பாருங்கள். சம்பள வரியை மட்டும் திருத்தியவர் அதற்குக் கீழே உள்ள முப்பது மீதியையும் திருத்தாமல் விட்டிருப்பார். ஒரு எண்ணின் எழுத்துரு மட்டும் பக்கத்து எண்களைவிடச் சற்றுத் தடிப்பாக இருப்பது, வரிசையிலிருந்து ஒரு மயிரிழை இறங்கியிருப்பது, வங்கி விடுமுறை நாளில் வழக்கத்துக்கு மாறாகச் சம்பளம் ஏறியிருப்பது, இதெல்லாம் கண்ணில் பட்டால் மேலே கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கவே வேண்டாம். விண்ணப்பித்தவர் தன் போனில் தானே வங்கிச் செயலியைத் திறந்து இரண்டு வரவுகளைக் காட்டட்டும். உண்மையான ஆளுக்கு அது ஒரு நிமிட வேலை. நீங்கள் கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள், போனைக் கையில் வாங்கவும் வேண்டாம்.

இன்னொன்று: விண்ணப்பத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் பெரிய தொகை ஏறியிருக்கிறதா? கைமாற்று வாங்கிக் கணக்கைக் கொழுக்க வைப்பது பழைய வழி. அந்தத் தொகை யாரிடமிருந்து வந்தது, இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலையை உறுதி செய்யும்போது படிவத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, விண்ணப்பதாரரின் எழுத்து மூல ஒப்புதலோடு அழையுங்கள். கேட்க வேண்டியது மூன்றே: சேர்ந்த தேதி, பதவி, வேலை நிரந்தரமா தற்காலிகமா. சம்பளத்தைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள்.

---

சாவிக்கொத்து:

பழைய ஓனரிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் விஷயம் நிறைந்த பகுதி. அதைத்தான் பலர் 'ஆள் எப்படிங்க? நல்லவங்கதான்' என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

முதலில், இப்போதைய ஓனரைவிட அதற்கு முந்தைய ஓனர் சொல்வதற்கு எடை அதிகம். இப்போதைய ஓனருக்கு அந்த ஆள் போனால் போதும் என்றிருக்கலாம். அப்போது வாய் நிறையப் புகழ்வார். முந்தையவருக்கு இதில் ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இரண்டாவது, எடுத்துப் பேசுபவர் உண்மையிலேயே ஓனர்தானா? நண்பரின் எண்ணைக் கொடுத்துவிடுவது சர்வசாதாரணம். எடுத்த எடுப்பில் விண்ணப்பதாரர் பெயரைச் சொல்லாதீர்கள். 'உங்கள் வீடு வாடகைக்கு இருக்கிறதா?' என்று ஆரம்பியுங்கள். ஓனர் என்றால் 'எந்த வீட்டைக் கேட்கிறீர்கள்?', 'இல்லை, ஆள் இருக்கிறார்கள்' என்று இயல்பாக வரும். நண்பர் என்றால் 'என்ன வீடு? யார் நீங்க?' என்று குழம்புவார். பிறகு நீங்கள் யார், எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு விவரம் கேளுங்கள். விடையை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். 'வாடகை 92தானே?' என்றால் 'ஆமாம்' என்பது யாருக்கும் எளிது. 'வாடகை எவ்வளவு?' என்று மட்டும் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை: எந்த மாதம் வந்தார்கள், எந்த மாதம் போனார்கள். வாடகை எத்தனை முறை தவறியது, அதிகபட்சம் எத்தனை நாள். தவறுவதற்கு முன் அவர்களாகச் சொன்னார்களா, நீங்கள் கேட்ட பிறகா. அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், எதற்கு. காலி செய்ய முறைப்படி நோட்டீஸ் கொடுத்தார்களா. கடைசியாக: 'திரும்ப வந்து கேட்டால் கொடுப்பீர்களா?' இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உடனே 'தாராளமா' என்று வருவதற்கும், மூன்று விநாடி அமைதிக்குப் பிறகு 'ம்... கொடுக்கலாம்' என்று வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

'இ'யிடம் மூன்று வீட்டு முகவரியையும் வந்த மாதம், போன மாதத்தோடு எழுதி வாங்குங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியில் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். பட்டியலில் விடுபட்டுப் போகும் வீடு பெரும்பாலும் தகராறில் முடிந்த வீடுதான்.

பழைய பாக்கியைப் பற்றி: எந்த வருடம், எதற்கு, தீர்ந்துவிட்டதா, அதன் பிறகு தவணை தவறியிருக்கிறதா? தாமதங்கள் எல்லாம் ஐந்தாறு மாதத்துக்குள் குவிந்து கிடந்தால் ஏதோ ஒரு சம்பவம் நடந்திருக்கிறது: வேலை போனது, நோய், விவாகரத்து. வருடம் முழுக்க இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் அது பழக்கம். சம்பவம் முடிந்துபோகும், பழக்கம் உங்கள் வீட்டுக்கும் கூடவே வரும். மருத்துவமனை பாக்கியையும் பழைய வீட்டு வாடகை பாக்கியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நாய் விஷயத்தில் இனத்தைவிட வயதும் பழக்கமும்தான் பேசும். இப்போதிருக்கும் வீட்டு வாசல் கதவின் உட்பக்கத்தை, கைப்பிடிக்குக் கீழே, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பகலெல்லாம் தனியாக விடப்படும் நாய் என்றால் நகக்கீறல் அங்கே இருக்கலாம். மரத்தரை என்றால் சிறுநீர் இணைப்புகள் வழியே அடிப்பலகை வரை இறங்கும், மேலே மெருகு போட்டாலும் வாடை போகாது. டைல்ஸ் தரை என்றால் இந்தக் கவலை பாதியாகக் குறையும். ஊனமுற்றவருக்கு உதவப் பழக்கிய நாய் என்றால் பல நாடுகளில் அதைச் செல்லப்பிராணியாகக் கணக்கிட்டு மறுக்க முடியாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

---

ஒற்றைத்தாழ்:

ஆறு மாத முன்வாடகை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அதைப் பலமாக நினைக்க வேண்டாம். ஏழாம் மாதம் எப்படித் தருவார் என்பதற்கு அதில் விடை இல்லை. அந்த ஆறு மாதத்தில் வீட்டில் என்ன நடந்தாலும், காசு வாங்கிவிட்டோமே என்று நீங்களும் எட்டிப் பார்க்கத் தயங்குவீர்கள். உள்வாடகைக்கு விடுபவர்கள், வீட்டைக் கிடங்காக்குபவர்கள், சட்டவிரோத வேலைக்கு எடுப்பவர்கள் கையாளும் வழியும் இதுதான்: மொத்தமாகப் பணம், அவசரம், சரிபார்க்க எதுவும் இல்லை. 'ஆ' அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. பெற்றோர் வீட்டிலிருந்து முதன்முதலாக வெளியே வரும் நேர்மையான ஆளுக்கும் காட்ட எதுவும் இருக்காது. அவரிடம் வேறு விதமாகக் கேளுங்கள்: பழைய வாடிக்கையாளர்கள் இருவரின் பில், அந்தப் பணம் கணக்கில் ஏறிய வரி, மாதாமாதம் தவறாமல் கட்டிவரும் ஏதாவது ஒரு தவணை. இந்த மூன்றும் வந்தால் வீட்டு ஓனர் சான்றுக்குப் பதிலாக ஏற்கலாம்.

கூடுதல் அட்வான்ஸ் கேட்பதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பல இடங்களில் இத்தனை வாரம், இத்தனை மாதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. முன்வாடகையையும் அதில் சேர்த்து எண்ணும் இடங்கள் உண்டு. 'ஆபத்து அதிகம், அதனால் வாடகையை 10 கூட்டுவோம்' என்பது எல்லாவற்றிலும் மோசமான யோசனை. தடுமாறக்கூடியவர் தலையில் இன்னும் சுமை ஏற்றினால் நீங்கள் பயந்தது சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான்.

'அ'வின் குறைக்கு ஜாமீன்தான் பொருத்தம். ஜாமீன் கொடுப்பவரையும் அதே முறையில் சரிபாருங்கள். தன் செலவு போக இந்த வாடகையையும் தாங்க வேண்டும் என்பதால் மூன்று மடங்கு போதாது, ஐந்து மடங்கு வருமானம் கேளுங்கள். கையெழுத்து சாவி கொடுப்பதற்கு முன், எழுத்தில். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஜாமீன் தொடர்கிறதா இல்லையா என்பதையும் அதிலேயே எழுதாவிட்டால் இரண்டாம் வருடம் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லாமல் போகலாம்.

---

மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. மூன்று பேரிடமும் பேசினேன், சான்றுகளும் வந்துவிட்டன.

'அ': பழைய சம்பளம் 210. பழைய ஓனர் சொன்னது: நான்கு வருடத்தில் இரண்டு முறை தாமதம், அதிகபட்சம் ஆறு நாள், இரண்டு முறையும் முன்கூட்டியே போன் செய்தார்கள். அட்வான்ஸில் ஒரு சுவருக்குப் பெயிண்ட் மட்டும் பிடித்தார். திரும்பக் கொடுப்பீர்களா என்றதும் 'உடனே' என்றார். நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று நிறுவனத்தில் சொன்னார்கள். அக்கா ஜாமீன் போடத் தயார்.

'ஆ': விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் 600 ஏறியிருக்கிறது. கேட்டால் 'குடும்பத்தில் கொடுத்தது' என்கிறார். வாடிக்கையாளர் பில் எதுவும் தரவில்லை, செயலியைக் காட்டவும் விருப்பமில்லை என்றுவிட்டார்.

'இ': முகவரி முழுவதும் கொடுத்தார்கள், இடைவெளி இல்லை. பழைய பாக்கி நான்கு வருடத்துக்கு முந்தையது, தீர்ந்துவிட்டது, அதன் பின் தவறவில்லை. முதல் வீட்டை ஓனர் விற்றுவிட்டாராம், அது உண்மைதான். ஆனால் இரண்டாவது ஓனர், 'கடைசி இரண்டு மாத வாடகை தரவில்லை, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். கதவு ரிப்பேருக்குக் காசு மிஞ்சவில்லை' என்றார். விண்ணப்பத்தில் 'பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

---

கணக்குநோட்டு:

மிச்சத் தொகையை வைத்துப் பார்த்தால் நான் 'இ' பக்கம்தான் சாய்ந்திருப்பேன். 220 மிஞ்சுவது நல்ல மெத்தை. நாயை அதற்காக ஒதுக்கவும் மாட்டேன். ஆனால் கையில் காசு இருந்தும் கடைசி இரண்டு மாதம் தராமல் போனவர்கள் என்றால், அந்த மெத்தை உங்களுக்கு உதவாது. அட்வான்ஸ் சேதத்துக்கான பணம். அதை வாடகையாகக் கரைத்துவிட்டால், சாவி திரும்ப வரும் நாளில் உடைந்த கதவுக்குப் பொறுப்பேற்க ஒன்றுமே இருக்காது.

ஒருமுறை 'இ'யிடம் நேரடியாகக் கேளுங்கள், அது நியாயம். அந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார் என்று தெரிந்து அப்படிச் செய்திருந்தால், அதற்கான கடிதமோ குறுஞ்செய்தியோ அவர்களிடம் இருக்கும். இல்லாவிட்டால் 'அ'தான். சம்பளம் 210 இருந்தபோது 92 கட்டியவர்களுக்கு 240இல் 100 புதிய சுமை இல்லை. தாமதத்துக்கு முன்னால் போன் செய்தது இன்னும் பெரிது. பணத் தட்டுப்பாடான மாதம் யாருக்கும் வரும், சொல்பவரோடு ஒரு வாரத் தவணை பேசி முடித்துவிடலாம். அவர்களுடைய ஒரே ஓட்டை அந்த நான்கு மாதம், அதை அக்காவின் ஜாமீன் அடைக்கிறது.

---

சாவிக்கொத்து:

'அ' என்று முடிவானால் வரிசை மாறாமல் செய்யுங்கள். அக்காவின் வருமானத்தை முதலில் சரிபாருங்கள். பிறகு ஒப்பந்தம், ஜாமீன் இரண்டையும் ஒரே நாளில் கையெழுத்தாக்குங்கள். பெரியவர்கள் இருவருமே கையெழுத்திட வேண்டும், ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு என்ற வரியோடு. 'அட்வான்ஸைக் கடைசி மாத வாடகையாகக் கழிக்கக்கூடாது' என்பதைத் தனி வரியாகப் போடுங்கள்.

பணம் உங்கள் கணக்கில் ஏறியதாக வங்கி காட்டும்வரை மற்ற இருவருக்கும் 'இல்லை' சொல்லாதீர்கள். கடைசி நிமிடத்தில் மனம் மாறுபவர்கள் உண்டு. அதே சமயம் நாள்கணக்கில் இழுக்கவும் வேண்டாம், இரண்டு நாள் கெடு போதும். மறுக்கும்போது ஒரே வரி: 'வேறொரு விண்ணப்பத்தை ஏற்றுவிட்டோம்.' கடன் அறிக்கையை வைத்து மறுத்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டிய நாடுகள் உண்டு, உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்தீர்கள் என்பதற்கு ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு வையுங்கள்: வருமானம், பழைய ஓனர், காகிதம் ஒத்துவந்ததா, சொன்னது உண்மையா. சாதி, மதம், குழந்தை இருக்கிறதா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கவே கூடாது, உங்கள் மனக்கணக்கிலும் கூடாது. பல இடங்களில் அது சட்டவிரோதமும்கூட.

மற்ற இருவரின் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல்களைச் சட்டம் வைக்கச் சொல்லும் காலம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள், போனிலிருந்தும் அழியுங்கள்.

சாவி கொடுக்கும் அன்று காலி வீட்டை அவர்களோடு சேர்ந்து சுற்றி, ஒவ்வொரு அறையிலும் கதவோரம், தரை, குழாயடி, மின் மீட்டர் எண் எல்லாம் தேதியோடு போட்டோ எடுத்து, இரண்டு பிரதியிலும் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு சாவி.